கொடி கட்டின வண்டி

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலக் கடலோரத்தில் ஃபிளாரன்ஸிலிருந்து கூஸ் பே வரை சுமார் 40 மைல் நீளத்துக்கு மணல் மேடுகள். அரசு வனத்துறை நிலம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா காரை விட்டு இறங்கிப் பார்த்ததுமே, "என்னல, நம்ம தேரிக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு" என்றார். தேரி என்றால் எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடு. திருச்செந்தூர்க்காரி, வேறெப்படிச் சொல்வார்?

அலுவலக நண்பர் தன் ஏடிவியை, அதாவது அந்தக் குண்டு டயர் நாலு சக்கர வண்டியை, ஓட்டத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, பாதுகாப்பு அட்டை. பொது நிலத்தில் ஓட்ட அது வேண்டுமாம். இணையத்தில் இலவசப் பாடம், கடைசியில் பரீட்சை. இருபது வருஷமாக பைக் ஓட்டுபவனுக்குப் பாடமா என்று முனகிக்கொண்டே எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து சும்மா கேட்டுக்கொண்டிருந்த மனைவிதான் பாதிக் கேள்விக்குப் பதில் சொன்னாள்.

வண்டியின் பின்னால் ஒரு நீளக் கம்பி, அதன் நுனியில் ஆரஞ்சுக் கொடி. தரையிலிருந்து 9 அடி இருக்க வேண்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்கு வண்டி தெரியாது, கொடிதான் முதலில் தெரியும். அம்மா அண்ணாந்து பார்த்து, "மந்திரி வண்டியால?" என்று கேட்டுவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறத் தயாரானார். ஒற்றை ஆள் வண்டி, இரண்டாவது ஆள் ஏறுவது குற்றம் என்று நண்பர் பதறினார். "இம்புட்டுப் பெரிய சீட்ல ஒருத்தனா? அங்க பொடி வண்டியிலயே நாலு பேரு போறோம்" என்று சலித்துக்கொண்டார் அம்மா. ஆள் எடையைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டத்தான் அந்த நீளச் சீட் என்று நான் விளக்கியது எடுபடவில்லை.

ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டேன். பூட்ஸ் மட்டும் நண்பருடையது, இரண்டு சைஸ் பெரிது. ஆக்ஸிலேட்டரைத் திருகக் கூடாது, கட்டைவிரலால் அமுக்க வேண்டும். நான் பழக்கதோஷத்தில் ஐந்து நிமிஷம் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தேன். வண்டி நகரவில்லை, மகன் வீடியோ எடுத்தான்.

அப்புறம் நகர்ந்தது. நன்றாகவே போனது. ஒரு வளைவில் வண்டி லேசாகச் சாய, இருபது வருஷப் பழக்கம் இடதுகாலைத் தரையில் ஊன்றச் சொன்னது. ஊன்றினேன். பின் டயர் நிதானமாக என் குதிகால்மேல் ஏறி நின்றது. 200 கிலோவுக்கு மேல் கனம் அதற்கு. நல்லவேளை, டயரில் காற்று குறைவு, கீழே பொலபொல மணல். காலை உருவினேன், கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.

"கால் எப்பவும் ஃபுட்ரெஸ்ட்லதான் இருக்கணும். ஏழாவது கேள்வி" என்றாள் மனைவி, தூரத்திலிருந்து.

நண்பரும் நானும் வண்டியைத் தள்ளி, பூட்ஸைத் தோண்டி எடுக்கக் கால்மணி நேரம் ஆனது. ஒற்றைக் காலில் சாக்ஸோடு நான் நொண்டி வர, அம்மா அதற்குள் ஊருக்கு வீடியோ கால் போட்டுவிட்டிருந்தார். "ஆமாக்கா, இங்க இவன் கொடி கட்டின வண்டியிலதான் போறான். வேற யாரையும் ஏத்தப்பிடாதாம்."