ஒரே பெட்டியில் கிடந்த இரு சகோதரர்களின் பதக்கங்கள்

எங்கள் தாத்தாவும் அவருடைய தம்பியும் வட ஆற்காட்டிலிருந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து இரண்டாம் உலகப் போருக்குச் சென்றவர்கள். பர்மாவில் இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தார்கள், தம்பி அண்ணன் மடியிலேயே உயிர்விட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். இருவரின் பதக்கங்களும் ஒரே தகரப் பெட்டியில் கலந்து கிடந்தன. எதிலும் பெயர் பொறிக்கப்படவில்லை.

அந்தப் போரில் எந்தக் களத்தில் பணியாற்றினார்களோ அதற்காகத் தந்த ஆறு முனை நட்சத்திரப் பதக்கங்கள் எல்லாம் ஒரே வார்ப்பு. நடுவிலுள்ள ஆறாம் ஜார்ஜின் முத்திரையைச் சுற்றியிருக்கும் எழுத்துதான் வேறுபடும். களிம்பேறி எழுத்து தெரியாவிட்டாலும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், ரிப்பனைப் பார்த்தாலே போதும். மணல் நிறத்தில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலக் கோடுகள் இருந்தால் ஆப்பிரிக்கா ஸ்டார். நடுவில் அகலச் சிவப்பும் இருபுறமும் கருநீலமும் ஆரஞ்சும் என்றால் பர்மா ஸ்டார். பச்சை, வெள்ளை, சிவப்பு என்றால் இத்தாலி ஸ்டார். எங்கள் பெட்டியில் மூன்றுமே இருந்தன.

தாத்தாவின் டிஸ்சார்ஜ் (பணி விடுவிப்பு) புத்தகத்திலிருந்த படை எண்ணைக் குறிப்பிட்டு, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டறிந்தபடி, பெங்களூரிலுள்ள சாப்பர்ஸ் ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். பல மாதங்கள் கழித்து வந்த பதிலில் அவர் பணியாற்றிய இடங்களாக ஆப்பிரிக்காவும் இத்தாலியும் மட்டுமே இருந்தன.

தம்பியைத் தேடியது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில். நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால், பெயரை விட்டுவிட்டுப் படைப்பிரிவையும் மாவட்டத்தையும் வைத்துத் தேடுவதே நல்லது. 26,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட ரங்கூன் நினைவுச் சின்னத்தில், தந்தை பெயருடனும் ஊர்ப் பெயருடனும் அவர் இருந்தார். இறந்த ஆண்டு 1944. அப்போது தாத்தா இத்தாலியில் இருந்தார்.

ஆக, மடியில் உயிர்விட்டதாகச் சொன்னது நடந்ததல்ல. பிள்ளை அந்நிய மண்ணில் தனியே செத்தான் என்று பெற்ற தாயிடம் சொல்ல மனம் வராமல் தாத்தாதான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அதனால் அவர் மீதுள்ள மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

பதக்கங்களை இப்போது இரண்டு சட்டங்களில் தனித்தனியே வைத்துவிட்டோம். சின்னத் தாத்தாவின் கம்பெனி 1944-இல் எங்கே இருந்தது என்பதை அறிய, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளை அடுத்துத் தேடவிருக்கிறேன்.