நைட்டைக் குதிரையேற்ற கப்பி தேவைப்படவில்லை

கவசம் போட்ட நைட்டை, அதாவது இடைக்கால ஐரோப்பியக் குதிரைவீரனை, கப்பி கட்டித்தான் குதிரையில் ஏற்றினார்கள் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தவறு. 15ஆம் நூற்றாண்டின் முழு எஃகுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோதான். அந்த எடையும் தோளில் மட்டும் தொங்காது. இடுப்பு, கை, கால் என்று பிரிந்து நிற்கும்.

1391இல் பிரான்ஸின் மார்ஷல் (உயர் படைத்தளபதி) ஆன பூசிக்கோ என்ற நைட், இளவயதில் செய்த பயிற்சிகள் பதிவாகியிருக்கின்றன. தலைக்கவசம் தவிர மற்றதெல்லாம் அணிந்தபடி குட்டிக்கரணம். அங்கவடியில் கால் வைக்காமல் குதிரை மேல் தாவல். சுவரில் சாய்த்த ஏணியின் அடிப்பக்கத்தில், கால் படாமல், எஃகு அங்கியோடு இரு கைகளால் மட்டும் படிக்குப் படி தாவி உச்சிவரை ஏற்றம்! கை உரம் பெற, கோடாரியால் நெடுநேரம் ஓங்கி அடித்தல்.

ஈட்டிக்குத் தனிப் பயிற்சி: நட்ட கம்பத்தின் மேல் சுழலும் குறுக்குக்கட்டை, ஒரு முனையில் கேடயம், மறுமுனையில் மணல்மூட்டை. ஈட்டியை அக்குளில் இறுக்கிப் பிடித்தால்தான் குதிரையின் வேகம் முனைக்குப் போகும். பிடி தளர்ந்தால் முனை அலைந்து குறி தப்பும். சரியாகக் குத்திவிட்டு வேகத்தைக் குறைத்தாலோ, சுழன்று வரும் மூட்டை முதுகில் அறையும். அதனால் குத்திய பிறகும் குதிரையை விரட்டிக்கொண்டே போக வேண்டும்.