உக்ரேனிய இலக்கணத்துக்குத் தமிழ் வழி

உக்ரேனிய மொழிக்கு நான் பார்த்த தொடக்கநிலை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தவரை எண்ணி எழுதப்பட்டவை. அதனால் ஏழு வேற்றுமைகள் என்றதுமே வாசகரை மிரளவைத்துவிடுகின்றன. மலாயில் பெயர்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்பதில்லையாதலால், கோலாலம்பூரில் வாழும் நமக்கு இதில் கைகொடுப்பது தமிழ்ப்பள்ளியில் ஒப்புவித்த ஐ, ஆல், கு, இன், அது, கண் என்ற வரிசைதான்.

'எனக்குக் குளிர்கிறது' என்பதற்கு உக்ரேனியர் 'மெனி ஹோலொத்னொ' என்பார்கள். 'மெனி' என்பது நான்காம் வேற்றுமை ஏற்ற 'எனக்கு'. வயதைச் சொல்வதற்கும் ஒன்று பிடித்திருக்கிறது என்பதற்கும் அதே 'மெனி' வருவதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி பொங்கியது.

செயப்படுபொருளில் இன்னும் நுட்பமான ஒற்றுமை உண்டு. 'மேசை வாங்கினேன்' என்று உருபில்லாமல் சொல்கிறோம். 'தம்பி பார்த்தேன்' என்று சொல்வதில்லை. உக்ரேனியத்திலும் மேசையைக் குறிக்கும் 'ஸ்தில்' அந்த இடத்தில் மாறாமல் நிற்க, சகோதரனைக் குறிக்கும் 'பிராத்' மட்டும் 'பிராத்தா' ஆகிறது. ஆனால், அங்கே விலங்குகளும் மனிதரோடு சேர்ந்துவிடுவதால், இதை நம் உயர்திணையோடு அப்படியே பொருத்திவிடக் கூடாது. அவனையே அழைக்கும்போது 'பிராத்தே' என்பார்கள். தொல்காப்பியம் எட்டாவதாகச் சேர்த்த விளி, அங்கே ஏழாவது வேற்றுமை.

தமிழ் துணைக்கு வராத இடம் பால் பாகுபாடு. மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், சன்னல் ஒன்றன்பால். பெரும்பாலும் சொல்லின் ஈற்றைக் கொண்டு இதை அறியலாம் என்பதால், 33 எழுத்துகளைப் பழகியதும் ஈறுகளைக் கவனிப்பது நல்லது. இறந்தகாலத்தில் 'நான் எழுதினேன்' என்பதையே ஆண் 'யா பிசாவ்' என்றும் பெண் 'யா பிசாலா' என்றும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது வினை. எழுதிக்கொண்டிருப்பதற்கு 'பிசாத்தி', எழுதி முடிப்பதற்கு 'நபிசாத்தி' எனப் பெரும்பாலான வினைகள் இரட்டையாக நிற்கின்றன. முடிவைக் காட்டும் வினைக்கு நிகழ்காலமே இல்லை. 'நபிஷு' என்றால் 'எழுதிவிடுவேன்' என்று எதிர்காலப் பொருளே வரும். நம் 'விடு' என்னும் துணைவினை இதைப் புரிந்துகொள்ள ஓரளவு உதவுகிறது. ஆயினும் எந்த வினைக்கு எது இணை என்பதற்கு ஒரே விதி கிடையாது. ஆகவே வினைகளைத் தனித்தனியாக மனனம் செய்யாமல், தொடக்கத்திலிருந்தே இணையிணையாகக் குறிப்பேட்டில் எழுதிப் படித்துவருகிறேன்.