கேமன் வாங்குறது ஈசி, பேர் மாத்துறதுதான் பாடு

ஒரு வழியா காடி, அதாவது கார், என் பேருக்கு வந்துருச்சு. 2014 போர்ஷே கேமன், 2.7 லிட்டர், பி.டி.கே ஆட்டோ கியர், வெள்ளைக் கலர். ஷோரூம்ல வாங்குறவங்களுக்கு இது தேவைப்படாது, அங்க எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்க. மலேசியாவுல பழைய காடிய நேரா ஓனர்கிட்ட வாங்கப் போறவங்க, அதுவும் கம்பெனி பேர்ல இருக்குற காடின்னா, காசு கட்டுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க. பி5ன்னா பேர் மாத்துறதுக்கான இன்ஸ்பெக்‌ஷன், கிராண்ட்னா காடியோட ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர், அதுக்கு மேல நான் விளக்கப் போறதில்ல, நம்ம ஊர் மைவி கார் ஒண்ணு வாங்கி வித்திருந்தாலே உங்களுக்குத் தெரியும்.

எந்தக் காடின்னு முடிவு பண்றதுக்கே மாசக்கணக்கா ஆச்சு. யூடியூப்ல எல்லாரும் எச்பியும் 0-100ம்தான் பேசுறாங்க, நம்ம ஊர்ல மொதல்ல பாக்க வேண்டியது சிசி. 3000 சிசி தாண்டுனா ரோடு டேக்ஸ் 2,130 வெள்ளியில (ரிங்கிட்) ஆரம்பிச்சு மேல ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு ஏறும். என் தம்பிக்கு நிசான் ஜிடி-ஆர் மேல ஒரே கண்ணு, "வாங்குக்கா வாங்குக்கா"ன்னு உயிர எடுத்தான், 3799 சிசி, கணக்குப் போட்டுக் காட்டுனேன், வருசத்துக்கு 5,725 வெள்ளி 50 காசு, அதோட பேச்ச நிறுத்திட்டான். சுப்ரா 2998 சிசி, 3000க்குள்ள அடங்கிரும், 2,125 வெள்ளி. கடைசியா கையில நின்னது ரெண்டு கேமன்தான், பழைய 981 ஒண்ணு, 2016ல வந்த 718 ஒண்ணு.

பேப்பர்ல பாத்தா 718தான் எல்லாத்துலயும் ஜெயிக்குது. ரெண்டு லிட்டர் டர்போ, 300 பி.எஸ் பவர், 380 என்.எம் டார்க், பி.டி.கே வச்சு 0-100 4.9 செகண்ட். 981 2.7க்கு 275 பி.எஸ், 290 என்.எம், 5.6 செகண்ட். ரோடு டேக்ஸும் 718க்கு வெறும் 374 வெள்ளி, 981க்கு 1,395. இவ்ளோ தெரிஞ்சும் ஏன் 981 வாங்குனேன்னு கேட்டா, ரெண்டையும் ஓட்டிப் பாருங்கன்னுதான் சொல்லுவேன். 718 கீழ ஆர்பிஎம்லயே நல்லா இழுக்குது, ஜாம்ல ஓட்டுறதுக்கு அதுதான் சுகம், பொய் சொல்லக் கூடாது. ஆனா ஸ்டார்ட் பண்ணா ஃபிளாட் ஃபோர் சத்தம், பழைய சுபாரு இம்ப்ரெஸா பக்கத்துல நிக்குற மாதிரியே இருக்கு. 981 ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, 4,500 வரைக்கும் ஒண்ணும் தெரியாத மாதிரி போகும், அதுக்கு மேல மிதிச்சா முதுகுக்குப் பின்னால இருந்து ஒரு சத்தம் வரும் பாருங்க, 7,400ல முழு பவர், காராக் ஹைவேல சும்மா ஜன்னல இறக்கி விட்டுட்டுப் போகலாம் போல இருக்கும். போர்ஷேவே 2020ல ஜிடிஎஸ் 4.0ன்னு திரும்ப ஆறு சிலிண்டர் போட்டாங்களே. அது 3995 சிசி, ரோடு டேக்ஸ் 6,607 வெள்ளி 50 காசு, அந்தப் பக்கம் நான் தலை வச்சே படுக்கல.

ஆனா 718 வேணாம்னு நான் முடிவு பண்ணதுக்கு சத்தம் மட்டும் காரணமில்ல. பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு ரீகான் கடையில, அதாவது வெளிநாட்டுல இருந்து வர்ற பழைய காடி விக்குற எடத்துல, ஒரு 718 நின்னுச்சு, ஜப்பான்ல இருந்து வந்தது, மீட்டர்ல 31,000 கிலோமீட்டர். உள்ள போன ஒடனே சேல்ஸ்மேன் என்னயப் பாக்காம தம்பிகிட்டப் பேசுறாரு. அவன் "அக்காதான் வாங்குறாங்க"ன்னு சொன்னப்புறம், "வூட்டுக்காரர் வரலையா அக்கா?"ன்னாரு. வரல, அவருக்கு சாதாரண காடி போதும், எனக்குத்தான் இந்தப் பைத்தியம்னு சொல்லிட்டு ஆக்‌ஷன் ரிப்போர்ட் (ஏலத்துல காடிய சோதிச்சு எழுதுனது) கேட்டேன். இருக்கு, பாஸ்கிட்ட இருக்கு, வாட்ஸப்ல அனுப்புறேன்னாரு. இன்னிக்கு வரைக்கும் வரல.

இங்கதான் எல்லாரும் கவனிக்க வேண்டிய விசயம் ஒண்ணு. போர்ஷே இஞ்சின் கம்ப்யூட்டர் மொத்தம் எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு தனியா எழுதி வச்சிருக்கும். கிலோமீட்டரக் கொறச்சுக் காட்ட மீட்டர மாத்துறவன் பெரும்பாலும் இதத் தொட மாட்டான். தெரிஞ்ச ஃபோர்மேன், அதாவது மெக்கானிக், ஒருத்தர், போர்ஷே மட்டும்தான் செய்வாரு, ஸ்கேனர் மாட்டிப் பாத்துரலாம்மான்னு கூட வந்தாரு. கடைக்காரங்க மொதல்ல விடவே இல்ல, வாரண்டி போயிரும் அது இதுன்னாங்க, அப்ப நான் கெளம்புறேன்னு சாவியத் திருப்பிக் கொடுத்தப்புறம்தான் சரி பாத்துக்குங்கன்னாங்க. பாத்தா 2,060 மணி நேரம். 31,000 கிலோமீட்டர 2,060ஆல வகுத்துப் பாருங்க, சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர். ஃபோர்மேன் ஒண்ணும் சொல்லல, ஃபோன்ல கால்குலேட்டரத் தெறந்து நம்பரப் போட்டு சேல்ஸ்மேன் மூஞ்சிக்கு நேரா காட்டுனாரு. ஜாம்னே வச்சுக்குங்க, ஸ்போர்ட்ஸ் கார வாங்கி வாழ்நாள் பூரா சைக்கிள் வேகத்துலயே ஓட்டுனவன் யாரு? சேல்ஸ்மேன் "டோக்கியோல டிராஃபிக் ஜாஸ்தி"ங்குறாரு. சரிங்க முதலாளின்னு சொல்லிட்டு வந்துட்டோம்.

அப்புறம் மோண்ட் கியாராவுல ஒரு சீன அங்கிள், அவரோட 981. மீட்டர் 64,000, மணி நேரம் 2,130, சராசரி 30, சரியா இருக்கு. இஞ்சின அளவுக்கு மேல சுத்த விட்டாங்களான்னு காட்டுற ஓவர்-ரெவ் ரிப்போர்ட்டும் சுத்தம். கூலண்ட் பம்ப் பக்கம் கசிவு இருக்கான்னு டார்ச் அடிச்சு நல்லாப் பாக்கச் சொன்னேன், இந்த இஞ்சின்ல அத எல்லாரும் பாப்பாங்க, ஒண்ணுமில்ல. வெல பேசுறது ஒரு தே தாரேக் டீயில முடிஞ்சிருச்சு, அங்கிள் நல்ல மனுசன். பாடு எல்லாம் அதுக்கப்புறம்தான்.

லோன் கதைய சுருக்கமா சொல்லிர்றேன். மொதல் பேங்க் ஆபீசர் எல்லா டாக்குமெண்ட்டும் வாங்கி வச்சுக்கிட்டு, "காடி வயசு பத்தாது... இல்ல, ஜாஸ்தி"ன்னு குழப்பி, கடைசியா முடியாதுன்னு எஸ்எம்எஸ் அனுப்புனாரு. ரெண்டாவது பேங்க்ல கெடச்சுது, ஆனா அவங்க போட்ட மதிப்பு நாங்க பேசுன வெலைக்குக் கீழ, மிச்சத்த கையில இருந்து போட்டேன். அதனால லோன் லெட்டர் கையில வர்றதுக்கு முன்னாடி ஓனருக்குப் பெரிய டெபாசிட் கொடுத்துராதீங்க.

இன்ஸ்பெக்‌ஷன். ஐயோ. பி5ம் லோனுக்கு பி7ம் சேத்து ஆன்லைன்ல புக் பண்ணிட்டு காலையிலயே போயாச்சு. மொத அடி டிண்ட். முன் கண்ணாடிக்கு 70 சதவீதம், முன் சைடு கண்ணாடிக்கு 50 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும், பின்னால எவ்ளோ கருப்பா வேணா இருக்கலாம், 2019ல இருந்து அப்படித்தான் சட்டம். அங்கிள் முன் சைடுலயும் ராத்திரி மாதிரி கருப்பு ஒட்டி வச்சிருக்காரு. நான் உள்ள ஒக்காந்து பாத்தப்ப நல்லா குளுகுளுன்னு இருக்கேன்னு சந்தோசப்பட்டேன், மீட்டர வச்ச ஒடனே ஃபெயில். சரி, உரிச்சுக்கலாம்.

அதுக்கப்புறம்தான் கூத்தே. சின்னப் பையன் ஒருத்தன் வந்து மலாய்ல போனட்டத் தெறங்கன்னான். தெறந்தேன், காலி, பெட்டி வைக்குற எடம். "இஞ்சின் பின்னாலயா?"ன்னு பின்னாடி போனான். கண்ணாடிக் கதவத் தூக்குனா அங்கயும் கார்பெட், எண்ணெ ஊத்துற மூடி ஒண்ணு, தண்ணி ஊத்துற மூடி ஒண்ணு, அவ்ளோதான். அவன் என்னயப் பாக்குறான், நான் அவனப் பாக்குறேன். கேமன்ல இஞ்சின் சீட்டுக்குப் பின்னால நடுவுல மூடிக் கெடக்கும், மேல இருந்து ஒண்ணும் தெரியாது, நம்பர் அடிச்சிருக்குறது அடியில, அதுக்கும் கீழ பிளாஸ்டிக் தட்டு போட்டு மூடியிருக்கும். பள்ளத்துல எறங்கிப் பாத்தான், தட்டக் கழட்டணும்னான். கழட்டுங்கன்னேன். நாங்க கழட்ட மாட்டோம், அது ஓனர் வேலன்னான். என்கிட்ட ஸ்பானர் இருக்கா என்ன, ஆபீஸ் சட்டையோட நிக்குறேன். இஞ்சின் நம்பர் படிக்க முடியல, மறுபடி வாங்கன்னு பேப்பர்ல எழுதி நீட்டிட்டான். தப்பு அவன் மேலயும் இல்லன்னு வைங்க, ஆனா புக் பண்ற எடத்துல காடி மாடல் கேக்குறாங்கல்ல, நடு இஞ்சின் காடின்னா தட்டக் கழட்டிட்டு வாங்கன்னு ஒரு வரி போட்டா என்ன கொறஞ்சா போயிரும்?

அடுத்த தடவ ஃபோர்மேனையே கூட்டிட்டுப் போயிட்டேன். வர்றதுக்கு முன்னாடியே தட்டக் கழட்டி, நம்பர் இருக்குற எடத்துல பிரேக் கிளீனர் அடிச்சு, பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு, ஃபோன்ல படமும் எடுத்து, கிராண்ட்ல இருக்குற நம்பரோட ஒவ்வொரு எழுத்தா சரிபாத்துட்டாரு. அன்னிக்கு வேற ஆள் இருந்தாரு, பள்ளத்துல எறங்கி டார்ச் அடிச்சாரு, மலாய்ல "சந்தேக்", அழகா இருக்குன்னு சிரிச்சாரு, பாஸ். டூத் பிரஷ் ஐடியாவ மறந்துராதீங்க, பத்து வருச அழுக்குல எட்டு எது, மூணு எதுன்னே தெரியாது.

இன்சூரன்ஸ்ல எனக்கு ஒரு சின்ன வெற்றி, இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. என்சிடி, அதாவது க்ளெய்ம் பண்ணாம இருந்ததுக்குக் கெடைக்குற தள்ளுபடி, காடிக்குக் கெடையாது, ஆளுக்குத்தான், ஆனா ஒரு நேரத்துல ஒரு காடிக்குத்தான் போட முடியும். என் மைவில 55 சதவீதம் சேத்து வச்சிருந்தேன். ஏஜெண்ட் பொண்ணு கேமனுக்கு சீரோல இருந்து ஆரம்பிக்கணும் அக்கான்னு கொட்டேஷன் அனுப்பிருச்சு, பாத்து மயக்கமே வந்துச்சு. மைவில இருந்து என்சிடிய எடுத்து கேமனுக்கு மாத்துமான்னேன். மைவிக்கு இப்ப முழு பிரீமியம், கொஞ்சம் கூடக் கட்டுனேன், ஆனா கேமன்ல கொறஞ்சது அத விடப் பல மடங்கு. அப்புறம் அக்ரீட் வேல்யூ போடுங்க, அதாவது தொகைய முன்னாடியே பேசி வச்சுக்குறது, மார்க்கெட் வேல்யூ போட்டா காடி போயிருச்சுன்னா அன்னிக்கு என்ன வெலன்னு அவங்க சொல்றதுதான். வெள்ள கவரேஜும் சேத்துக்குங்க, இந்தக் காடி தரையோட தரையா இருக்கு, கே.எல்.ல ஒரு சாயங்கால மழைக்கு ரோடு எப்படி ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

கடைசிப் படி பேர் மாத்துறது. காடி அங்கிளோட கம்பெனி பேர்ல இருக்கு. கம்பெனி பேர்னா எஸ்எஸ்எம் (கம்பெனி ரிஜிஸ்ட்ரேஷன்) பேப்பர், டைரக்டர் லெட்டர், யாரு கையெழுத்துப் போடலாம்னு கடுதாசி, எல்லாம் வேணும். எனக்கு லீவு கெடைக்காதுன்னு ஒரு ரன்னரப் புடிச்சேன், எரநூறு வெள்ளி, நான் எல்லாம் பாத்துக்குறேன் அக்கா, நீங்க வந்து பெருவிரல் மட்டும் வச்சாப் போதும்னாரு. போயி நின்னா லெட்டர்ல கம்பெனி சாப்பு (ரப்பர் ஸ்டாம்ப்) இல்ல. ரன்னர் அத முன்னாடி பாக்கவே இல்ல. அங்கிளும் வேலைய விட்டுட்டு வந்து நிக்குறாரு, நானும் அரை நாள் லீவு, ரன்னர் "நாளைக்குப் பண்ணிரலாம் லா"ன்னு ஃபோனப் பாத்துக்கிட்டே சொல்றாரு. சாப்பு எங்க அங்கிள்னா, ஈப்போவுல மச்சான் கடையில இருக்காம். இதுல பழைய லோன் வேற, அங்கிள் எப்பவோ கட்டி முடிச்சிட்டாரு, ஆனா பேங்க் உரிமைய விடுவிக்காம சிஸ்டத்துல அப்படியே கெடந்துச்சு. லோன் முடிஞ்சிருச்சுன்னு ஓனர் சொன்னா மட்டும் பத்தாது, விடுவிச்ச லெட்டரக் கண்ணால பாருங்க. சம்மன் பாக்கி இருக்கான்னும் அப்பவே பாத்துருங்க, பிளாக்லிஸ்ட் ஆயிருந்தா பேர் மாறாது.

சாப்பு கூரியர்ல வந்துச்சு. மாமாக் சாப்பாட்டுக் கடை மேசையில லெட்டர விரிச்சு வச்சு அங்கிள் குத்துறாரு, மை காஞ்சு போயி கம்பெனி பேர்ல பாதிதான் விழுது. மனுசன் சாப்ப வாய்கிட்ட வச்சு ஹா ஹான்னு ஊதி ஊதிக் குத்துறாரு, ரொட்டி சானாய் போடுற அண்ணன் வேலைய விட்டுட்டு வேடிக்க பாக்குறாரு. மூணாவது காப்பியிலதான் முழுசா விழுந்துச்சு. நல்லவேளை லெட்டர நாலஞ்சு பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. அன்னிக்கு ரன்னரக் கூப்பிடல, நாங்களே போயிட்டோம், பெருவிரல் வச்சோம், 100 வெள்ளி கட்டுனோம், உக்காந்த நாற்காலி சூடாகுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ரன்னருக்குக் கொடுத்த எரநூறு போனது போனதுதான், கேட்டா டோல், பெட்ரோல்னு கணக்கு சொல்றாரு.

நேரா கோர்ட்டுமலப் புள்ளையார் கோயிலுக்குப் போயி எலுமிச்சம்பழம் ஏத்திட்டு வந்தாச்சு. காண்டோ பார்க்கிங் ரேம்ப்ல முன்னாடி பம்பர் லிப் தேயுது, அதுக்குக் குறுக்கா சாஞ்சு ஏறப் பழகிட்டேன். இன்னும் ஒரே ஒரு பாக்கி, ரெண்டாவது சாவி. வெல பேசுறப்ப ரெண்டு சாவி இருக்குன்னு அங்கிள் சொன்னாரு, கையில வந்தது ஒண்ணுதான். புதுசு வேணும்னா சேசிஸ் நம்பரக் கொடுத்து ஆர்டர் போட்டு, வந்தப்புறம் காடியோட புரோகிராம் பண்ணணும், அந்த வெலையக் கேட்டுட்டு சாவிய எழுதி வாங்கிக்காத நானே அங்கிளுக்கு ஃபோன் போட்டேன். அவரு மகன் ஆஸ்திரேலியாவுக்குப் போறப்ப வேற சாவிக் கொத்தோட சேத்து எடுத்துட்டுப் போயிட்டாராம். சீனப் பெருநாளுக்கு வர்றப்ப கொண்டாருவாருன்னு சொல்லிருக்காரு.