கடல் நடுவே ஒரு கடை

ஜமைக்கா தீவின் தென்கரையில், கடலுக்குள் ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி, கூழைக்கடாக்கள் வந்து உட்காரும் மணல்திட்டு ஒன்று இருக்கிறது. அதன் மேல் கழிகளை ஊன்றி ஒரு மதுக்கடை கட்டியிருந்தார்கள். பெயர் பெலிக்கன் பார். ஃபிளாய்ட் ஃபோர்ப்ஸ் என்ற மீனவர் 2001-இல் போட்ட கடை. கனவில் கண்டுதான் கட்டினேன் என்று அவர் சொல்வதுண்டு. வலையோடு திரும்பும் வழியில் ஒதுங்க நிழலில்லாமல் காய்ந்தவருக்குத்தான் இப்படியொரு கனவு வரும் என்பது என் எண்ணம்.

நான் கிருஷ்ணகிரிக்காரன். மாம்பழக்கூழ் ஆலைகளில் இயந்திரம் பொருத்துவது தொழில். 2023-இல் அந்தத் தொழில் என்னை ஜமைக்கா வரை கொண்டுபோய் விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் வேலை செய்தவர்கள் டிரெஷர் பீச் என்ற மீனவர் ஊருக்கு வண்டியில் கூட்டிச்சென்றார்கள். அங்கிருந்து படகு.

ஊர் திரும்பிப் படங்களைக் காட்டியபோது எல்லோரும் "அழகாக இருக்கிறது" என்றதோடு சரி. உருப்படியான கேள்வி கேட்டவர் ஒருவர்தான்: ஒகேனக்கல் ஊட்டமலையில் பரிசல் ஓட்டும் என் தாய்மாமா. அவரைப் பார்க்க வாய்த்தது 2024 ஆடியில். காவிரியில் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியிருந்தது. பரிசல் இயக்கத் தடை. பரிசல்களையெல்லாம் கரையில் கவிழ்த்துவிட்டு மாமா வீட்டோடு இருந்தார். வேலையில்லாத பரிசல்காரரிடம் படகுக் கதை சொல்லப் போனால் எளிதில் விடுவாரா?

"அலையை நேராக வாங்கினானா, சாய்வாகவா?" இதுதான் முதல் கேள்வி.

சாய்வாகத்தான். கண்ணாடி இழைப் படகு, பின்னால் இயந்திரம். ஓட்டியவர் ஒவ்வோர் அலைக்கும் வேகத்தைக் குறைத்து, படகின் மூக்கைச் சற்றே திருப்பி, அலை கடந்ததும் மறுபடி முடுக்கினார். மாமா தலையாட்டினார். நேராக வாங்கினால் மூக்கு தூக்கி அடிக்கும், பக்கவாட்டில் வாங்கினால் கவிழ்த்துவிடும் என்றார். கடலில் படகே ஏறாத மனிதர்!

திட்டை நெருங்கும்போது தண்ணீரின் நிறம் மாறியது. கருநீலம் பச்சையாகி, பச்சையும் வெளிறி, அடியில் மணல் வரிவரியாகத் தெரிந்தது. ஓட்டியவர் இயந்திரத்தை நிறுத்தினார். அதன் சுழலியை நீருக்கு மேலே சாய்த்துத் தூக்கிவிட்டுத் தொப்பென்று குதித்தார். தண்ணீர் அவருக்கு இடுப்பளவுதான். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களை இழுத்தபடி நடந்தார். சுற்றிலும் கடல், நடுவே ஒருவர் நடந்து போகிறார். எனக்குச் சிலிர்த்தது. "மணல்மேட்டில் இறங்கி நான் பரிசலைத் தள்ளுவது போலத்தானே, மாப்பிள்ளை" என்று மாமா அதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஏணியில் ஏறினால் கடை. கரையொதுங்கிய பலகைகளை அடித்த தரை. ஒன்றுக்கொன்று நீளம் பொருந்தாது. மேலே ஓலை. பல நாட்டு வண்டிகளின் எண்பலகைகள், கொடிகள், பனியன்கள் தொங்கின. தரையெங்கும் வந்துபோனவர்களின் பெயர்ச் செதுக்கல். எங்கள் மலைக்கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்குபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே புயலுக்குப் புயல் பலகையே மாறிவிடுவதால் மன்னித்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்துப் பலகை இடுக்கில் பார்த்தால், ஒரு திருக்கை சிறகை அலைத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் கீழே கடந்து போனது.

திருக்கையில் மாமாவுக்கு ஆர்வமில்லை. "ஐஸ் எங்கிருந்து வருகிறது?"

மின்கம்பி ஏது அங்கே? ஐஸ், பீர், ரம், குடிநீர் எல்லாம் கரையிலிருந்து படகில்தான் வந்தன. நான் குடிப்பதில்லை. டிங் என்று, கசப்பும் புளிப்புமாக ஒரு பழச்சோடா விற்கிறார்கள். அந்த வெயிலுக்கு அது போதும்.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொரித்த மீன், அதோடு பாமி. பாமி வேறொன்றுமில்லை, நம் குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளி. துருவி, சாற்றை ஒட்டப் பிழிந்து, வட்டமாகத் தட்டிச் சுட்டு, தேங்காய்ப்பாலில் ஊறவைத்துப் பொரிக்கிறார்கள். தீவின் ஆதிகுடிகளான தைனோ மக்களிடமிருந்து வந்த பண்டம். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இருக்கும். பென்னாகரம் பக்கம் காடுகாடாகக் குச்சிக்கிழங்கு விளைகிறது. அதை லாரியில் ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பிவிட்டு, ஒகேனக்கல் மீன்கடைகளில் வறுத்த மீனை வெறுமனே தின்றுகொண்டிருக்கிறோம். நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை கிழங்கைத் துருவ ஆரம்பித்துவிட்டார். முதல் அடை கல்லிலேயே உதிர்ந்தது, பிழிந்தது போதவில்லை. துணியில் கட்டி, மேலே அம்மிக்குழவியை வைத்து நீரை வடித்த பிறகு நிலைத்து நின்றது.

அடை வேகும் நேரத்தில்தான் அந்தச் செய்தியைச் சொன்னேன். ஆடி பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜூலை 3-ஆம் தேதி, பெரில் புயல் ஜமைக்காவின் தென்கரையை அடித்துப்போட்டது. கடை போய்விட்டது. முன்பு 2004-இல் ஐவன் புயலிலும் இப்படித்தான் போய், மீண்டும் கட்டினார்கள்.

"கடை கிடக்கட்டும். திட்டு இருக்கிறதா?" என்றார் மாமா.

நான் படித்த செய்திகளில் ஒருவரும் அதை எழுதவில்லை. ஒகேனக்கலில் வெள்ளம் வடிந்ததும் பரிசல்காரர்கள் துறைக்குப் போய், எங்கே மணல் சேர்ந்தது, எங்கே அரித்தது என்று துடுப்பை ஊன்றிப் பார்த்த பிறகுதான் பரிசலைத் தண்ணீரில் விடுவார்களாம். பிறகு மாமா என் கைபேசியை வாங்கி, தூண் தெரியும் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். ஆணியா, கயிறா என்று பார்க்க வேண்டுமாம். ஆணிதான்.

"கயிறு போட்டுக் கட்டியிருந்தால் கொஞ்சம் அசைந்து கொடுத்திருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இரண்டாவது அடைக்குத் தட்டை நீட்டினார்.