முப்பது பேர் ஊரில் ராக்டைம்

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஷானிக்கோ என்று ஓர் ஊர் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 30. இணையத்தில் தேடினால் முதலில் வருவது 'கோஸ்ட் டவுன்', அதாவது பேய் ஊர் என்ற பட்டம்தான். ஆட்கள் குடியிருக்கும் ஊரை இப்படிச் சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வராதா என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர்களே அதை டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

நான் போனது செப்டம்பர் கடைசியில், ராக்டைம் இசை விழாவுக்கு. ஊரின் பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் ஷானிக்கோ ப்ரிசர்வேஷன் கில்ட் என்ற தன்னார்வ அமைப்புக்கு நிதி சேர்க்கத்தான் இந்த விழா. போர்ட்லாந்தில் வேலை பார்க்கும் என் மைத்துனன் கார் ஓட்டினான். கொலம்பியா ஆற்றை ஒட்டியே கிழக்கே போய், பிக்ஸ் என்ற இடத்தில் 97ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்ப வேண்டும். ஆற்றை விட்டு மேட்டில் ஏறியதும் நிலம் மொட்டையாகிவிடுகிறது. அறுவடை முடிந்த கோதுமை வயல்கள், காற்றாலைகள், அப்புறம் வாஸ்கோ, மோரோ, கிராஸ் வேலி, கென்ட் என்று வரிசையாகச் சின்ன ஊர்கள். "மாமா, வழியில ஒரு டீக்கடைகூட இருக்காது, இப்பவே சொல்லிட்டேன்" என்று கிளம்பும்போதே எச்சரித்திருந்தான். சொன்னபடியே ஒன்றும் இல்லை.

இந்தச் சாலை ஏறக்குறைய பழைய கொலம்பியா சதர்ன் ரயில் பாதை போன வழியிலேயே போகிறது. 1900-ல் அந்த ரயில் வந்து நின்ற கடைசி நிலையம்தான் ஷானிக்கோ. ஊரே அதற்காகத்தான் உருவானது. தெற்கே நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்கு வேறு ரயில் கிடையாது. மத்திய ஓரிகான் முழுவதும் மேய்ந்த ஆடுகளின் கம்பளி மூட்டைகள் குதிரை வண்டிகளில் இங்கே வந்து குவிந்தன. திரும்பும் வண்டிகள் மரம், மளிகை, முள்கம்பி என்று ஏற்றிக்கொண்டு போயின. 'உலகின் கம்பளித் தலைநகரம்' என்று ஊர் தன்னைத்தானே சொல்லிக்கொண்டது. கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இன்றும் நிற்கும் அந்தக் கம்பளிக் கிடங்கின் நீளத்தைப் பார்த்தால், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று தோன்றுகிறது.

பத்து வருடம்தான் அந்த வாழ்வு. மேற்கே டெஷூட்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஜேம்ஸ் ஹில் என்ற ரயில் முதலாளி ஒரு கரையிலும், இன்னொரு ரயில் முதலாளியான ஹாரிமனின் ஆட்கள் எதிர்க் கரையிலும் போட்டி போட்டுத் தண்டவாளம் போட்டார்கள். 1911 அக்டோபரில் தெற்கே பெண்ட் நகரத்தில், பாதை முடிந்ததன் அடையாளமாக ஹில் தங்க ஆணி அடித்தார். அதற்கப்புறம் தெற்கத்தி ஆட்கள் எதற்காக ஷானிக்கோ வரை மூட்டையைச் சுமந்து வர வேண்டும்? வேடிக்கை என்னவென்றால், ஷானிக்கோ ரயிலும் அப்போது ஹாரிமன் கூட்டத்தின் கையில்தான் இருந்தது. தங்கள் ஊரைத் தாங்களே ஒதுக்கிவிட்டுப் போனார்கள். அதே வருடம் கடைத்தெருவில் தீ விபத்து வேறு. எரிந்ததைத் திரும்பக் கட்ட யாருக்கும் காரணம் இல்லை.

மிச்சம் இருப்பவை ஒரு கை விரலில் எண்ணுகிற அளவு முக்கியக் கட்டடங்கள்தான். பள்ளிக்கூடம், நகர மன்றமும் சிறையும் சேர்ந்த மரக் கட்டடம், கம்பளிக் கிடங்கு, மரத்தாலான உயரமான தண்ணீர்க் கோபுரம், செங்கல் ஹோட்டல். சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று குழந்தைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களும்தான். என் மைத்துனன் படம் என்னிடம் இருக்கிறது.

விழாவின் முக்கியக் கச்சேரி பள்ளிக்கூடத்தில். உச்சியில் எண்கோணக் கோபுரம் வைத்த அந்தக் கட்டடத்துக்குள் பழைய பெஞ்சுகளில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். சிலர் 1900 வாக்கில் போட்டிருந்த மாதிரி உடையில், தொப்பியும் சஸ்பெண்டருமாக. பியானோ கொஞ்சம் சுருதி விலகியிருந்தது, அதுவும் அந்த இசைக்குப் பொருந்தியது. இடது கை தண்டவாளச் சத்தம் மாதிரி ஒரே சீராகப் போக, வலது கை தாளத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே துள்ளுவதுதான் ராக்டைம். கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கியது. 1890-களின் கடைசியில் பரவி முதல் உலகப் போர்க் காலத்தில் அடங்கிவிட்டது. ஷானிக்கோவின் நல்ல காலமும் ஏறக்குறைய அதேதான். நிதி திரட்ட எந்த இசையையும் வைத்திருக்கலாம். இதைத் தேர்ந்தெடுத்தவருக்கு நல்ல காது.

இடைவேளையில்தான் உண்மையான வசூல். ஒரு மேசையில் வீட்டில் சுட்ட 'பை' (pie) என்ற பழப் பலகார வகைகள், இன்னொன்றில் குலுக்கல் சீட்டு, மூலையில் கண்ணாடி ஜாடி. யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதி வைக்க ஆள் இல்லை என்பதைத் தவிர, கிட்டத்தட்ட மொய்விருந்துதான். ஹக்கில்பெர்ரி பை ஒரு துண்டு வாங்கினோம். மைத்துனன் இன்னொரு துண்டு வாங்கினான், 'நன்கொடைதானே' என்று.

பை விற்ற அம்மாவிடம் பணம் எதற்குப் போகும் என்று கேட்டேன். "கூரைக்கு" என்றார். போன வருடம்? "அதுவும் கூரைக்குத்தான், வேறொரு கூரை." ஊர் கடல் மட்டத்திலிருந்து 3,300 அடிக்கு மேல், காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூடப் பக்கத்தில் இல்லாத மேட்டு நிலத்தில் இருக்கிறது. குளிர்காலக் காற்று ஓடுகளைப் பிய்க்கும், அந்த ஓட்டை வழியே பனி உருகி இறங்கும், மரம் உள்ளிருந்து உளுக்கும். கோடையில் சில மாதங்கள்தான் பெயின்ட் அடிக்க முடியும். ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் மறுபக்கம் உரிந்துவிடுகிறது என்றார். முப்பது பேரில் எத்தனை பேரால் ஏணி ஏற முடியும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "எங்களில் பாதிப் பேருக்கு மூட்டு மாற்று அறுவை ஆகிவிட்டது."

எனக்கு இந்த இடத்தில்தான் கொஞ்சம் உறுத்தியது. வெளியே கேமராவோடு வந்தவர்கள் எல்லாம், நானும் சேர்த்தி, சாயம் போய்ச் சாம்பல் நிறமாக வெடித்த பலகைகளைத்தான் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருந்தோம். புதிதாக வெள்ளையடித்த சுவரை யாரும் சீண்டவில்லை. நமக்கு இடிபாடு அழகு. அந்த அம்மாவுக்கு அது செலவுக் கணக்கு. பேய் ஊர் என்ற பெயர்தான் ஆட்களைக் கூட்டி வருகிறது, அந்தப் பெயருக்குப் பொருத்தமாக ஊர் இடிந்துபோக விடாமல் இருப்பதுதான் இவர்களுடைய வேலை.

ஹோட்டல் கதையைக் கேட்டால் இது இன்னும் விளங்கும். ரயில் வந்த கையோடு கட்டிய இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். சுவர் பதினெட்டு அங்குலத் தடிமன். 1911 தீ அதை ஒன்றும் செய்யவில்லை. 1980-களில் ஒரு தம்பதி வாங்கிப் புதுப்பித்தார்கள். பிறகு வந்த உரிமையாளருக்கும் ஊர் நிர்வாகத்துக்கும் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் ஒத்துப்போகாமல் 2000-களின் பின்பாதியில் மூடப்பட்டது. அப்படியே பதினைந்து வருடம். 2023-ல்தான் மறுபடி திறந்தார்கள். நூறு வருடக் காற்றும் பனியும் செய்யாததை ஒரு குழாய்த் தகராறு செய்துவிட்டது. பழங்காலக் கட்டடம் என்றால் நாம் தூண், வளைவு என்றே பேசுகிறோம். அதன் உயிர் கழிப்பறைக் குழாயிலும் தீயணைப்பு விதியிலும் இன்சூரன்ஸ் தவணையிலும் இருக்கிறது. அதற்கு யாரும் பாட்டுக் கச்சேரி வைத்து நிதி திரட்டுவதாக விளம்பரம் செய்வதில்லை. 'கூரைக்கு' என்றால் ஜாடியில் பணம் விழும்.

நேரம் இருந்ததால் எட்டு மைல் தெற்கே ஆன்டிலோப் வரை போய் வந்தோம். இந்தியர்கள் காதில் விழுந்திருக்கக்கூடிய பெயர். 1981-ல் ரஜனீஷும் சீடர்களும் பக்கத்துப் பண்ணையை வாங்கிக் குடியேறி, தேர்தலில் நின்று ஊர் மன்றத்தையே பிடித்து, ஊருக்கு ரஜனீஷ் என்று பெயரும் மாற்றினார்கள். 1985-ல் எல்லாம் கலைந்தது, பழைய பெயர் திரும்பியது. இரண்டு இந்திய முகங்கள் காரிலிருந்து இறங்கியதும் அஞ்சலகத்தின் வாசலில் ஒருவர் எங்களைச் சற்று நேரம் பார்த்தார், அப்புறம் கையசைத்தார். மைத்துனனுக்கு அன்று முழுவதும் அதே பேச்சு.

போக நினைப்பவர்களுக்கு: மே முதல் செப்டம்பர் வரை போனால்தான் கடைகள் திறந்திருக்கும், அதிலும் வார இறுதி நல்லது. ஷானிக்கோவில் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். வடக்கிலிருந்து வந்தால் பிக்ஸிலும், தெற்கிலிருந்து வந்தால் மட்ராஸ் என்ற ஊரிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆமாம், மட்ராஸ்தான். ஹோட்டலில் அறைகள் குறைவு, விழா சமயத்தில் முன்பே சொல்லி வைக்க வேண்டும். சில்லறை நோட்டுகள் எடுத்துப் போங்கள், ஜாடிக்கு கார்டு போட முடியாது.