முன்பதிவு ரத்து: ஒசாகா நாட்குறிப்பு

நவம்பர் 10, 2025

விசா புதுப்பிப்புக்காகத் தபாலில் வரவேண்டிய அட்டை வரவில்லை.

காலைக் கூட்டத்தில் ஹோட்டல் மேனேஜர் சொன்னது ஒன்றுதான்: விருந்தினரிடம் அரசியல் பேசக் கூடாது. எதற்குச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். 7-ஆம் தேதி நாடாளுமன்ற பட்ஜெட் குழுவில் பிரதமர் தகாய்ச்சி சொன்ன பதில். தைவானைச் சுற்றிப் போர்க்கப்பல் வந்து பலப்பிரயோகம் நடந்தால், அது ஜப்பானின் இருப்புக்கே ஆபத்தான நிலையாகலாமாம். அப்படியானால் 2015 பாதுகாப்புச் சட்டப்படி இவர்களும் சண்டையில் இறங்கலாம். முந்தைய பிரதமர்கள் இந்த இடம் வந்தால் மழுப்பிவிடுவார்கள். மறுநாள் இதே ஊரில் இருக்கும் சீனத் துணைத் தூதரகத் தலைவர், அழுக்குக் கழுத்தை வெட்டவேண்டும் என்கிற மாதிரி எக்ஸில் எழுதிவிட்டு, அப்புறம் அழித்துவிட்டார். ரிசப்ஷனில் நிற்கும் நான் அப்படி எழுதியிருந்தால் சாயங்காலமே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள்.

நவம்பர் 12

அட்டை இல்லை. மதியத் தூக்கமும் இல்லை.

நவம்பர் 15, சனி

நேற்று இரவு பெய்ஜிங் தன் மக்களிடம் ஜப்பானுக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டது. சீன விமான நிறுவனங்கள் டிக்கெட் பணத்தைக் கட்டணமில்லாமல் திருப்பித் தருகின்றன. என் ஷிப்ட் முடிவதற்குள் திரையில் ரத்து, ரத்து, ரத்து. குழுக்களை அனுப்பும் ஏஜென்சிகள் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தனியாகப் பதிவு செய்தவர்கள்தான் எழுதுகிறார்கள். செங்டுவிலிருந்து ஒருவர்: அலுவலகத்தில் போகாதே என்கிறார்கள், அம்மாவுக்காகக் கேட்டு வாங்கிய கீழ்த்தள அறை, வசந்தத்தில் அதே அறை கிடைக்குமா? ரத்துக் கட்டணம் பிடிக்கவேண்டும் என்பது விதி. மேனேஜர் நெடுநேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிடிக்காதே என்றார். நல்ல மனசு என்று நினைத்தேன். அடுத்த வருடமும் அவர்கள்தானே வரவேண்டும், அந்தக் கணக்கு.

நவம்பர் 17

க்யோதோ செய்தி நிறுவனம் சனி ஞாயிறில் எடுத்த கருத்துக்கணிப்பு. தைவானில் நெருக்கடி வந்தால் கூட்டுத் தற்காப்பு உரிமையை, அதாவது நட்பு நாட்டைத் தாக்கினால் இவர்களும் சண்டையில் இறங்கும் உரிமையை, பயன்படுத்தலாமா? ஆம் 48.8 சதவீதம். கூடாது 44.2. அரசுக்கு ஆதரவு 69.9.

இந்த 48.8 மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வட்டப்பாதை ரயிலில் எதிர் வரிசையில் ஏழு பேர். பள்ளிப் பையனைக் கேட்டிருக்க மாட்டார்கள், அவனைக் கழித்தால் ஆறு. ஆறில் மூன்று. யார் அந்த மூன்று பேர்? நாய்க்குட்டிப் பையோடு இருக்கும் பாட்டியா? தூங்கி வழியும் சட்டைக்காரரா? பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வருகிறது, யாரோ பணிவாகக் கேட்கிறார்கள். ஆம் என்று சொல்ல என்ன செலவு? உங்கள் மகனை அனுப்புவீர்களா என்று அடுத்த கேள்வி வராது.

கூடாது என்றவர்களுக்கும் செலவில்லைதான்.

நவம்பர் 18

க்யோபாஷியில் ரயில் மாறும்போது இன்று தெற்கு வாசல் பக்கம் போனேன். அங்கே நினைவுக்கல் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 14. பக்கத்தில் கோட்டையை ஒட்டி இருந்த பெரிய ஆயுதத் தொழிற்சாலையை அழிக்க பி-29கள் வந்தன. ரயில்கள் நின்றன, பயணிகள் இறங்கி உயரத் தண்டவாளத்துக்கு அடியில் ஒதுங்கினார்கள். ஒரு டன் குண்டு தண்டவாளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. பெயர் தெரிந்தவர்கள் 210 பேர். பெயர் தெரியாதவர்கள் அதற்கும் மேல். மறுநாள் மதியம் மன்னர் ரேடியோவில் பேசி, போரே முடிந்துவிட்டது.

ஒரு நாள்.

கல்லுக்கு யாரோ புதுப் பூ வைத்திருந்தார்கள். நான் நின்ற நேரத்தில் வேறு யாரும் நிற்கவில்லை, எல்லோருக்கும் ரயில் இருக்கிறது. நாளை அட்டை வந்தாலும் வரும்.

நவம்பர் 19

வரவில்லை.

ஊழியர் அறை டிவியில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பெய்ஜிங்கில் பேச்சுவார்த்தை முடிந்து வெளியே வருகிறார்கள். சீன அதிகாரி இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்கிறார், ஜப்பானிய அதிகாரி பக்கத்தில் தலையைத் தாழ்த்தியபடி. மொழிபெயர்ப்பாளர் சொல்வதைக் கேட்கத்தான் குனிந்தார் என்று இவர்கள் சொல்கிறார்கள். பார்க்கிறவனுக்கு அதெல்லாம் எதற்கு? கப்பலும் ஏவுகணையும் செய்யாததை ஒரு பாக்கெட் செய்துவிட்டது. கூட வேலை பார்க்கும் நாரா ஊர்க்காரருக்கு முகமே சிவந்துவிட்டது. பிரதமர் அவருடைய ஊர்க்காரர் வேறு.

எங்களோடு வேலை பார்க்கும் சீனாவின் டாலியன் பெண் டிவி பக்கம் திரும்பாமல் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

ஜப்பான் கடலுணவு வாங்குவதையும் சீனா மறுபடி நிறுத்திவிட்டது. ஹொக்கைடோ சிப்பி போக ஆரம்பித்தே இரண்டு வாரம்தான்.

நவம்பர் 20

காலை உணவில் கஞ்சிக்குப் பெரிய பாத்திரத்தை எடுத்துவிட்டுச் சின்னது வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 23

அம்மா போன். "அங்க சண்டை வருமாமே, டிவியில போட்டான். பேசாம கிளம்பி வந்துருலே." சீனாவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவில் கடல் இருக்கிறதும்மா என்றேன். "கடல் இருந்தா? குண்டு நீந்தியா வரும்?" பதில் சொல்ல முடியவில்லை. அட்டையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் சண்டையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவாள்.

சேர்த்துத்தான் இருக்கிறதோ என்று ராத்திரி தோன்றியது. ஆள் வரவில்லை என்றால் ஹோட்டலுக்கு எத்தனை வெளிநாட்டுப் பணியாளர் வேண்டும்? விசாவைப் புதுப்பித்துத் தந்தாலும் ஒப்பந்தம் மார்ச் வரைதான். ஜனவரி அறை விலையை இன்று மறுபடி குறைத்தார்கள். இங்கே வரும் வெளிநாட்டினரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் சீனப் பெருநிலத்துக்காரர். எங்கள் ஹோட்டலில் பாதி.

நவம்பர் 26

சமையல்காரர் 2015-இல் அந்தச் சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போனவர். பேச்சுவாக்கில் அவரே சொன்னது. உமேதாவில் மழையில் நின்றாராம். இப்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். (அரசியல் பேசக் கூடாதுதான். சமையலறையில் விருந்தினர் யாரும் இல்லையே.) முட்டையை உடைத்துக்கொண்டே, தகாய்ச்சி சொன்னது சரிதான் என்றார். பத்து வருடத்துக்கு முன்னால் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் பக்கம் இத்தனை சீனக் கப்பல் வரவில்லை, இப்போது ஏறக்குறைய தினமும் நிற்கிறது, பயந்தால் இன்னும் கிட்டே வருவார்கள்.

அப்படியென்றால் அன்றைக்கு ஏன் மழையில் நின்றீர்கள்?

அன்றைக்கும் நான் சரிதான் என்றார்.

கோபம் வந்தது. மாலையில் ரயிலில் யோசித்தால், அவர் ஒன்றும் கொக்கரிக்கவில்லை. போரைத் துறக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாவது பிரிவை எடுத்துவிடச் சொல்லவுமில்லை. பயத்தில் சொல்கிற ஆமும் வீராப்பில் சொல்கிற ஆமும் ஒரே கட்டத்தில்தான் விழுகின்றன. 48.8-இல் எவ்வளவு எது என்று எந்தச் செய்தித்தாளும் பிரித்துப் போடவில்லை. இரண்டும் சொல்லாத மீதி 7 சதவீதம் பேரையாவது ஒரு தடவை பார்க்கவேண்டும். எனக்கு அவர்களைத்தான் பிடித்திருக்கிறது.

நவம்பர் 30

ஷாங்காயில் ஜப்பானியப் பாடகி ஹமாசாகி அயுமி கச்சேரியை முந்தின நாள் ரத்து செய்துவிட்டார்கள். நேற்று அவர் 14,000 இருக்கை காலியாகக் கிடக்க முழுக் கச்சேரியையும் பாடியிருக்கிறார். டாலியன் பெண்ணின் சித்தி மகள் டிக்கெட் வாங்கி வைத்திருந்தாளாம். பணம் திரும்பி வந்துவிட்டது, பள்ளி நாளிலிருந்து சேர்த்துவைத்த ஆசை எங்கே திரும்பும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே தொடர்ந்தாள்: அதே சித்தி மகள்தான் குடும்ப வீசாட் குழுவில் ஜப்பானுக்கு ஒரு பாடம் கற்பிக்கவேண்டும் என்று எழுதியவளும். உங்கள் ஊரில் இப்படிக் கருத்துக்கணிப்பு எடுத்து எண் போட்டுச் சொல்வார்களா என்று கேட்டேன். எங்களிடம் யார் கேட்கிறார்கள் என்றாள். அவளுடைய அப்பா திரும்பி வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். போவாயா என்று கேட்கவில்லை.

டிசம்பர் 3

தபால்பெட்டியில் பல் மருத்துவமனை விளம்பரம்.

டிசம்பர் 7

இரவு ஷிப்ட். நள்ளிரவு தாண்டிப் பாதுகாப்பு அமைச்சர் கோய்சுமி பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார் என்றதும் லாபி டிவியில் சத்தத்தைக் கூட்டினேன். ஒகினாவாவுக்குத் தென்கிழக்கே, சீனாவின் லியாவோனிங் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய ஜே-15 போர் விமானங்கள் ஜப்பானிய எஃப்-15கள் மேல் ரேடாரைக் குறிவைத்திருக்கின்றன. ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. துப்பாக்கியை நெற்றிக்கு நேரே நீட்டிவிட்டு, விசையில் விரல் வைக்கவில்லையே என்று சொல்கிற கதை.

அந்த நேரத்தில் 604-ஆம் அறைக்காரர் செருப்போடு இறங்கி வந்தார். தைவான், தைச்சுங். குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் வேண்டுமாம், அறைக் கெட்டில் வேலை செய்யவில்லை. பிளாஸ்க்கில் பிடித்துக் கொடுத்தேன். டிவியை ஒரு நிமிடம் பார்த்தார். வரைபடத்தில் அவருடைய தீவு ஓரமாகத் தெரிந்தது. "இவ்வளவு விலை குறைவாக ஒசாகாவில் அறை கிடைத்ததே இல்லை" என்றார். சிரித்தார். நானும்.

போன மாதம் அவர்களுடைய அதிபர் லாய், ஹொக்கைடோ சிப்பியும் ககோஷிமா மீனும் வைத்த சுஷித் தட்டோடு படம் போட்டாரே, அதைப்பற்றிக் கேட்கலாம் என்று பார்த்தேன். லிஃப்ட் வந்துவிட்டது.

டிசம்பர் 9

நேற்றிரவு வடக்கே அஓமொரி பக்கம் பெரிய நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை. இங்கே ஒன்றுமில்லை. காலையில் அம்மாவின் தவறவிட்ட அழைப்புகள், வரிசையாக. நல்லவேளை, இந்தத் தடவை நிலநடுக்கம்தான் என்று சொல்லிச் சமாதானப்படுத்தலாம்.

604-இல் கெட்டிலை மாற்றியாயிற்று. மேனேஜர் மதியம் எல்லா ஒப்பந்தப் பணியாளர்களையும் ஒவ்வொருவராகப் பேச அழைத்திருக்கிறார். டாலியன் பெண் உள்ளே போய்க் கால் மணி நேரம் ஆகிறது. அடுத்து நான்.